காசியின் இரு கரைகள்

காசி யாத்திரை முடித்து வந்த நம் அங்கத்தினர்களிடம் மேற்குக் கரையைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். எந்தக் கட்டத்தில் ஸங்கல்பம் செய்துகொண்டார்கள், பஞ்ச கட்ட பிண்டப்ரதானத்துக்கு வாத்யார் படகில் எப்படி அழைத்துப் போனார், கேதார கட்டத்தில் எத்தனை படிகள் ஏற வேண்டியிருந்தது என்று எல்லாம் வரும். எதிர்க் கரையில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றுமில்லை, வெறும் மணல்" என்பதுதான் பதில். அந்த "ஒன்றுமில்லை" எப்படி ஏற்பட்டது, எத்தனை காலம் நின்றது, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

ஆற்றங்கரையை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பவர்களும், ஆற்றில் வாழும் உயிர்களைக் காக்க வேண்டும் என்பவர்களும் இன்று எல்லா ஊர்களிலும் எதிரெதிர் அணியில் நிற்கிறார்கள். காசியில் அந்தச் சண்டை வெகுகாலம் எழவே இல்லை. ஒரு கரை முழுவதும் மனிதருக்கு, மறு கரை முழுவதும் ஆற்றுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை, யாரும் பத்திரம் எழுதாமலே, அங்கே நடைமுறையில் இருந்தது.

கிழக்கு நோக்கி ஓடும் கங்கை காசியை அடையும்போது வடக்கே திரும்பி ஒரு பிறை போல வளைகிறது. உத்தரவாஹினி என்று நாம் போற்றுவது இந்த வளைவைத்தான். வளைவின் வெளிப்புறம் மேற்குக் கரை. அங்கே சுண்ணாம்பு முண்டுகள் கலந்த கெட்டிக் களிமண் மேடு இருக்கிறது; "கங்கர்" என்று வடக்கே சொல்வார்கள். நீரோட்டம் மோதுவதும், ஆழம் அதிகமாக இருப்பதும் இந்தப் பக்கம்தான். மேடு எளிதில் கரையாததால் ஊர் அதன் மேல் நிலைத்து நின்றது. வளைவின் உட்புறமான கிழக்குக் கரையில் நீரின் வேகம் குறைவு. வேகம் குறைந்த இடத்தில் ஆறு தான் சுமந்து வந்த மணலை இறக்கிவிட்டுப் போகும். ஆகவே ஒரு பக்கம் கல், எதிர்ப் பக்கம் மணல் என்பது முதலில் நதியே செய்த ஏற்பாடு.

மேற்குக் கரையில் மனிதர் செய்தது படிக்கட்டு. அஸ்ஸியிலிருந்து ஆதிகேசவம் வரை ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர் நீளத்துக்கு 84 கட்டங்கள் என்பது மரபான கணக்கு. இந்தப் படிகளை அழகுக்காகக் கட்டியதாகப் பலர் நினைக்கிறார்கள். அவற்றின் உண்மையான வேலை என்ன என்பது வெள்ளக் கணக்கைப் பார்த்தால்தான் விளங்கும். காசியில் கங்கையின் அபாய அளவு கடல் மட்டத்திலிருந்து 71.262 மீட்டர். 1978 செப்டம்பர் வெள்ளத்தில் நீர் 73.901 மீட்டர் வரை ஏறியது. இதுவரை பதிவானவற்றில் அதுவே உச்சம். கோடையில் அதே நதி 60 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஆக, நான்கு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு ஏறி இறங்கும் ஆறு இது. இப்படிப்பட்ட ஆற்றில் ஒரே மட்டத்தில் நடைபாதை போட்டால் பாதி வருஷம் மூழ்கிக் கிடக்கும், மீதி வருஷம் தண்ணீரை விட்டு வெகு உயரத்தில் நிற்கும். படிக்கட்டோ எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு படியில் நீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சித்திரையில் போனவர் ஐம்பது படி இறங்கி ஸ்நானம் செய்வார். ஆவணியில் போனவருக்கு மேற்படியிலேயே ஸ்நானம். தடுப்புச்சுவர் இல்லை, கதவு இல்லை, சீட்டு வாங்க வேண்டியதில்லை. ராஜாவும் யாசகனும் ஒரே படியில் இறங்கலாம். பொதுஜனம் நதியை அணுகுவதற்கு இதைவிட நல்ல கட்டுமானத்தை இன்றைய பொறியாளர்களும் கண்டுபிடித்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

இவை எல்லாம் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல. ஆம்பேர் ராஜா மான்சிங் கட்டிய மான்மந்திர் கட்டம் 1600ஐ ஒட்டியது. கல்படிகளில் மிகப் பல 18ஆம் நூற்றாண்டில் மராட்டியர் செல்வாக்கில் வந்தவை. விச்வநாதர் கோயிலைப் புதுப்பித்த அஹில்யாபாய் ஹோல்கரின் பெயரிலேயே ஒரு கட்டம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த சிந்தியா கட்டம் தன் பாரம் தாங்காமல் சரிந்தது. அருகே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் ரத்னேச்வர் கோயிலை யாத்ரீகர்கள் இன்றும் புகைப்படம் எடுக்கிறார்கள். கெட்டி மண் என்றாலும் ஆற்றோரத்து மண் அது. எவ்வளவு பாரமும் ஏற்றலாம் என்று நினைத்தால் நடக்காது.

நம் தமிழ் மக்களுக்கு இந்தக் கரையில் ஒரு மூலை பரம்பரையாக உண்டு. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் கேதார கட்டத்தில் இருக்கிறது. கேதாரேச்வரர் கோயில் அந்த மடத்தின் நிர்வாகத்தில் உள்ளது. சற்றுத் தெற்கே ஹனுமான் கட்டத்தில் காஞ்சி மடத்தின் கிளையும், தலைமுறைகளாக அங்கேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பாரதியார் 1898 முதல் 1902 வரை தம் அத்தையின் வீட்டில் தங்கிப் படித்ததும் இங்கேதான். அவர் நாள்தோறும் பார்த்திருக்கக்கூடிய சூரியோதயம், எதிரே ஒரு கட்டடமும் மறைக்காத மணல்வெளியின் மேல் எழுந்த சூரியன்.

எதிர்க் கரை

அந்த மணல்வெளியில் ஏன் ஒருவரும் வீடு கட்டவில்லை? வெள்ளம் ஒரு காரணம். ஆண்டுதோறும் ஆடி, ஆவணியில் நீர் ஏறிப் பரவும் நிலம் அது. ஆனால் வெள்ளத்துக்கு மட்டும் பயந்து மனிதர் ஒரு நிலத்தை விட்டுவைத்ததாகச் சரித்திரத்தில் அதிகம் காணோம். இங்கே அதைவிட வலுவான ஒரு நம்பிக்கை காவல் நின்றது.

வியாசர் கதை நம் வீடுகளில் தெரிந்ததுதான். காசியில் பிக்ஷை கிடைக்காமல் பசியில் கோபம் கொண்ட வியாசர் அந்நகரையே சபிக்கத் துணிந்தார். அதனால் விச்வநாதர் அவரைக் க்ஷேத்திர எல்லைக்கு வெளியே போகச் சொன்னார். அவரும் கங்கையைக் கடந்து அக்கரையில் தங்கினார். அந்த இடம் வியாச காசி எனப்பட்டது. இக்கரையில் உயிர் விட்டால் மோக்ஷம். அக்கரையில் விட்டால் கழுதை ஜன்மம் என்று ஒரு வழக்கு பிறந்தது. அக்கரையில் வயதானவர்கள் படுத்த படுக்கையானால் இக்கரைக்குக் கொண்டுவந்துவிடும் வழக்கமும் இருந்தது. இதில் ஒரு வேடிக்கை, காசி ராஜாவின் கோட்டையே அக்கரையில் ராம்நகரில்தான் இருக்கிறது. 1750ஐ ஒட்டி ராஜா பல்வந்த் சிங் அதைக் கட்டினார். கோட்டைக்குள் வியாசருக்கும் ஒரு கோயில் உண்டு. அது கட்டங்களுக்குச் சற்றுத் தெற்கே உயரமான கரையில் அமைந்தது. கட்டங்களுக்கு நேர் எதிரே உள்ள மணலில் ராஜாவும் கை வைக்கவில்லை.

கழுதை ஜன்மக் கதையைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு மாநகரத்தின் நேர் எதிரே, அழகான நதிக்கரை நிலம் நூற்றாண்டுக் கணக்கில் விலைபோகாமல் கிடந்ததற்கு வேறு எந்தச் சட்டமும் காரணமில்லை.

மணல் "ஒன்றுமில்லை" அல்ல என்பதை ஆமைகளிடம் கேட்க வேண்டும். ஆற்று ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் முட்டையிடக் கரை ஏறியாக வேண்டும். அதற்குக் கல்படி உதவாது, புல்தரையும் உதவாது. காலால் தோண்டக்கூடிய, வெயில் படும், வெள்ளம் வடிந்த மணல் வேண்டும். முட்டைகள் மாதக்கணக்கில் அங்கே கலையாமல் கிடக்க வேண்டும். மேற்குக் கரையில் இதற்கு ஓர் அடி இடம் கிடையாது. எதிர்க் கரை அதற்கென்றே விட்டுவைத்தது போல் இருந்தது.

ஆனால் அக்கரை முற்றிலும் மனிதர் இல்லாத இடமும் அல்ல. காசியில் படகோட்டும் மல்லாக்கள், நிஷாத வகுப்பினர், வெள்ளம் வடிந்தபின் அந்த மணலில் தர்பூசணி, வெள்ளரி, பரங்கி பயிரிட்டார்கள். மீன் பிடித்தார்கள், கட்டட வேலைக்கு மணல் அள்ளினார்கள். மழைக்காலம் வந்தால் எல்லாவற்றையும் ஆறு அழித்துவிடும். மறுபடி ஐப்பசியில் தொடங்குவார்கள். நிரந்தரமாக எதுவும் கட்டப்படவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

ஆமைகள் வந்த கதை

மேற்குக் கரையின் சுத்தம் குலைந்தது வேறு வழியாக. 1820களில் காசியில் நாணயச்சாலை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், பிராமி எழுத்தைப் பின்னாளில் படித்துக் காட்டிய அதே பிரின்செப், நகரத்துக்கு முதன்முதலாகத் துல்லியமான வரைபடம் தயாரித்தவர். ஊருக்குள் தேங்கி நாறிய குளங்களின் நீரை வடிக்க நிலத்தடியில் வளைவுச் சுரங்கமும் அமைத்துக் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய உபகாரம். ஜனத்தொகை பெருகியபின், நகரத்தின் வடிகால்கள் எல்லாம் கழிவுநீரைக் கங்கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய்களாகிவிட்டன.

1986 ஜூன் 14 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காசிக் கரையிலேயே கங்கைச் செயல்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கழிவுநீரைத் தடுத்துத் திருப்பக் கரையோரமாக மோட்டார் நிலையங்களும், தீனாபூர் முதலிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்களும், ஹரிச்சந்திர கட்டத்தில் மின்சார மயானமும் வந்தன. இவற்றோடு வந்த ஒரு விசித்திரமான யோசனைதான் ஆமை. பாதி எரிந்த சடலங்களும், தகனம் செய்யாமல் விடப்படும் உடல்களும் ஆற்றில் மிதப்பது காசியின் தீராத பிரச்சினை. மாமிசம் உண்ணும் மென்னோட்டு ஆமைகள் இயல்பாகவே அந்த நதிவாசிகள். அவற்றைப் பெருக்கி ஆற்றில் விட்டால் இந்த வேலையை அவை செய்யும் என்று கணக்குப் போட்டார்கள். சம்பல் நதிக் கரையிலிருந்து முட்டைகள் சேகரித்து, சாரநாத்தில் ஒரு நிலையம் வைத்துப் பொரிக்கச் செய்து, வளர்த்து, ஆயிரக்கணக்கில் கங்கையில் விட்டார்கள். சம்பல் யமுனையில் கலக்கும் நதி. சிற்பங்களில் கங்கைக்கு மகரமும் யமுனைக்கு ஆமையும் வாகனம். யமுனையின் வாகனம் கங்கைக்கு ஊழியம் செய்ய வந்தது என்று ரசித்துச் சொல்லலாம்.

வளர்த்து விட்ட ஆமைகளுக்குக் காவல் வேண்டுமே. 1989இல் ராம்நகர் கோட்டை முதல் மாளவியா பாலம் வரை ஏழு கிலோமீட்டர் நதி கச்சுவா சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. "கச்சுவா" என்றால் இந்தியில் ஆமை. தினமும் ஆயிரக்கணக்கானோர் முழுக்குப் போடும், பிணம் எரிக்கும், படகு விடும் ஒரு நதிப்பகுதியை வனவிலங்குச் சட்டத்தின் கீழ்ச் சரணாலயமாக்குவது எளிதில் எங்கும் காணாத காரியம். ஸ்நானத்தை யாரும் தடுக்கவில்லை, ஆரத்தியையும் தடுக்கவில்லை. தடுத்தது மணல் அள்ளுவதை, மீன் பிடிப்பதை, எதிர்க் கரையில் கட்டுவதை. வியாசர் கதை செய்துகொண்டிருந்த காவலை 1989 முதல் அரசாங்க உத்தரவு செய்தது என்று சொன்னால் தவறில்லை.

திட்டம் ஜயித்ததா? நேர்மையாகச் சொன்னால் பாதிகூட இல்லை. மோட்டார்கள் மின்சாரம் இல்லாத நேரத்தில் நின்றன. கழிவுநீர் பழையபடி ஆற்றில் இறங்கியது. வெள்ளக்காலத்தில் கரையோர நிலையங்களே மூழ்கின. இதை ஆதாரத்தோடு உலகுக்குச் சொன்னவர் வீரபத்ர மிச்ரா. சங்கட மோசன ஹனுமான் கோயிலின் மஹந்த் ஆன அவர், காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியராகவும் இருந்தார். 1982இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, துளசி கட்டத்தில் ஆய்வுக்கூடம் வைத்து ஆற்று நீரைச் சோதித்துக் கணக்கு வெளியிட்டார். மின்சாரத்தை நம்பாமல், நிலத்தின் சரிவை வைத்தே கழிவுநீரை ஊருக்குக் கீழே கொண்டுபோய்க் குளங்களில் சுத்திகரிக்கலாம் என்ற மாற்றுத் திட்டத்தையும் அமெரிக்க வல்லுநர் ஒருவருடன் சேர்ந்து கொடுத்தார். 1992இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருது பெற்ற அவர் 2013இல் காலமானார். காலையில் அதே நீரில் ஸ்நானம், பகலில் அதே நீரின் அசுத்தத்தைப் பற்றிய பாடம். இரண்டையும் ஒருவரே செய்தது நம் ஆஸ்திகர்கள் நினைவில் வைக்க வேண்டிய விஷயம்.

ஆமைகளுக்கும் கள்ள வேட்டை இருந்தது. விட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்பது எப்போதும் வாதத்துக்குரிய கேள்வியாகவே இருந்தது. மல்லாக்களோ, தங்கள் வெள்ளரிக் கொல்லையும் மணலும் மீனும் போய்விட்டன என்று கொதித்தார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது. கழிவுநீரை விட்டது நகரம். தொழிலை இழந்தது படகோட்டி. கரைக்கு வரும் யாத்ரீகனின் உரிமை மட்டும் நதியின் மேல் உள்ள உரிமை ஆகாது. தலைமுறையாக அதில் பிழைத்தவனுக்கும் உரிமை உண்டு. சரணாலயத்தை வகுத்தபோது இவர்களை ஆமைக் காவலராக ஆக்கியிருந்தால், பின்னால் அதற்காகப் பேச ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2020

பொறியியல் வல்லுநர்கள் சிலரிடமிருந்தும் ஒரு வாதம் எழுந்தது. மணல் அள்ளத் தடை இருப்பதால் கிழக்கே மணல் மேடு உயர்கிறது, நீரோட்டம் முழுவதும் மேற்கே தள்ளப்பட்டுப் படித்துறைகளின் அடிமண் அரிக்கிறது என்றார்கள். நதி வளைவின் இயல்பே இதுதான், மேலே அணைகளிலும் கால்வாய்களிலும் நீர் எடுக்கப்பட்டு ஓட்டம் குறைந்ததே மணல் தேங்கக் காரணம் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். இரண்டு தரப்பிலும் உண்மை கலந்திருக்கலாம். ஆனால் இறுதி முடிவுக்கு வழிவகுத்தது இந்த வாதம் மட்டும் அல்ல. அலஹாபாதிலிருந்து ஹால்தியா வரை 1620 கிலோமீட்டர் கங்கை, 1986லேயே முதலாம் தேசிய நீர்வழி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 2018 நவம்பரில் ராம்நகரில் சரக்குக் கப்பல் துறை திறக்கப்பட்டது. நீர்வழியின் நடுவே ஏழு கிலோமீட்டர் ஆமைச் சரணாலயம் குறுக்கே கிடந்தது. 2020இல் கச்சுவா சரணாலயத்தின் அறிவிக்கை ரத்தாயிற்று. பதிலாக, மேலே பிரயாகை, மிர்ஜாபூர், பதோஹி மாவட்டங்களில் சுமார் 30 கிலோமீட்டர் நதிப்பகுதி புதிய ஆமைச் சரணாலயமாக்கப்பட்டது.

ஏழுக்குப் பதில் முப்பது கிடைத்தது லாபந்தானே என்று கேட்கலாம். ஆமைக்கு அது நல்லதாகவே இருக்கலாம். அங்கே சந்தடி குறைவு. காசிக் கரைக்குத்தான் நஷ்டம். அக்கரைக்கு இருந்த சட்டக் காவல் நீங்கியவுடன் என்ன நடந்தது என்று பாருங்கள். 2021 கோடையில் அந்த மணலின் குறுக்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். மேற்குக் கரையின் மேல் உள்ள அழுத்தத்தைக் குறைப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. அந்த வருஷ வெள்ளம் வந்தபோது கால்வாய் மணலால் மூடுண்டு போயிற்று. 2023 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்காக அதே மணலில் கூடார நகரம் ஒன்று எழுந்தது. அதன் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியோடு விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. அதே மாதம் காசியிலிருந்து திப்ரூகருக்கு 51 நாள் சொகுசுக் கப்பல் பயணமும் தொடங்கி வைக்கப்பட்டது. கழுதை ஜன்மத்துக்கு அஞ்சி யாரும் ஓர் இரவு தங்காத மணலில், பெரிய வாடகை கொடுத்துத் தங்க ஆட்கள் வந்தார்கள்.

மேற்குக் கரையில் அண்மையில் நடந்தவற்றை இதே தட்டில் வைத்து எடை போடலாகாது. 2021 டிசம்பர் 13 அன்று திறக்கப்பட்ட விச்வநாதர் ஆலய வளாகம், லலிதா கட்டத்திலிருந்து ஸந்நிதி வரை நேர்வழி தந்திருக்கிறது. அதற்காக இடிக்கப்பட்ட பழைய வீடுகளைப் பற்றியும், ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய மேடையைப் பற்றியும் எழுந்த விமரிசனங்களை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் முட்டிவலியோடு சந்துகளில் தடுமாறிய நம் பெரியவர்களுக்கு அது பெரிய சௌகரியம். வடக்கே ராஜ்காட் பக்கம் பழைய கிட்கியா கட்டம் "நமோ கட்டம்" என்ற பெயரில் விரிவாக்கப்பட்டு 2024 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அங்கே சக்கர நாற்காலியில் நீரருகே போகச் சரிவுப் பாதை உண்டு. படகுகளுக்கு எரிவாயு நிரப்பும் நிலையமும் உண்டு; டீசல் படகுகளின் புகையும் எண்ணெயும் இதனால் ஓரளவு குறைந்தன. நூற்றாண்டுகளாகக் கல் போர்த்திய கரையில் இன்னும் கொஞ்சம் கல் சேர்ந்தால் ஆமைக்கு நஷ்டமில்லை. அணுகும் வசதியை எவ்வளவு வேண்டுமானாலும் இந்தக் கரையில் பெருக்கலாம், ஆற்றின் அகலத்தைத் தின்னாத வரையில். எதிர்க் கரையில் ஒரு நடைபாதை போட்டாலும் முட்டையிடும் மணல் அத்தனைக்கு அத்தனை குறையும்.

இரு கரையையும் மனிதருக்கே கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அகமதாபாத் அங்கத்தினர்கள் தினமும் பார்க்கிறார்கள். 2012இல் திறக்கப்பட்ட சபர்மதிக் கரை நடைபாதை, இரு பக்கமும் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மாலையில் காற்று வாங்க நல்ல இடம். நதியோ சீரான அகலத்துக்குச் சுவர் கட்டப்பட்டு, நர்மதைக் கால்வாய் நீரால் நிரம்பி நிற்கிறது. முன்பு கோடையில் ஆற்று மணலில் காய்கறி பயிரிட்டதும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடியதும் பழங்கதையாயின.

மாறான உதாரணம் கர்நாடகத்தில் காவிரியில் இருக்கிறது. அஸ்தி கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பச்சிமவாஹினிக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் பக்கத்திலேயே உள்ள ரங்கனதிட்டுவைப் பார்த்திருப்பார்கள்? மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் 1640களில் கட்டிய அணைக்கட்டால் அங்கே சிறு தீவுகள் உண்டாயின. பறவையியல் அறிஞர் சாலிம் அலி எடுத்துச் சொன்னதன் பேரில் 1940இல் அது சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. வனத்துறைப் படகில் பயணிகளை அழைத்துப் போகிறார்கள்; நாரையையும் கரண்டிவாயனையும் பாறையில் படுத்த முதலையையும் அருகிலிருந்தே பார்க்கலாம். தீவில் கால் வைக்க அனுமதி இல்லை. சற்றுத் தள்ளிப் படித்துறையில் பித்ரு கார்யம் வழக்கம்போல் நடக்கிறது. ஒரே நதியில் சிறிது தூரம் விட்டு எது யாருக்கு என்று வகுத்துவிட்டதால் இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

காசிக்குத் திரும்புவோம். பொதுவாக இப்படிப்பட்ட கட்டுரைகளில் அரசாங்கத்தைக் குறை சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. நீரில் மலஜலமும் எச்சிலும் போடலாகாது என்று மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் விதிக்கிறது. கங்கையில் பல் தேய்க்கலாகாது, துணி துவைக்கலாகாது என்று நம் பாட்டிமார்கள் அத்தியாயம் தெரியாமலே சொன்னார்கள். இன்று கர்மா முடிந்தவுடன் உடுத்திய வேஷ்டியை ஆற்றில் விட்டுவிடுவது சாஸ்திரம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாலியெஸ்டர் கலந்த வேஷ்டி எந்த ஆமைக்கும் உணவாகாது. பிண்டத்தைக் கரைக்கலாம்; அதைக் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையைக் கரைக்க முடியாது. ஹனுமான் கட்டத்து வாத்யார்களிடம் கேட்டால் வேஷ்டியைத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்றே சொல்வார்கள். வாங்கிக்கொள்ள ஆளுக்கும் குறைவில்லை.

இன்னொன்று ஓமப்பொடி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கடற்காகங்கள் காசிப் படகுகளைச் சூழ்ந்து பறப்பது கண்கொள்ளாக் காட்சி. படகுக்காரப் பையன்கள் பொட்டலம் விற்க, நம்மவர்களும் புண்ணியம் என்று வாங்கி வீசுகிறார்கள். எண்ணெயில் பொரித்து உப்பும் காரமும் போட்ட பண்டம் மீன் தின்னும் பறவைக்கு ஆகாரமல்ல. காசிக்குச் சற்றுக் கீழே கோமதி கலக்கும் கைதி பக்கத்தில் கங்கை டால்பின்களும் உண்டு. 2009இல் தேசிய நீர்வாழ் உயிரினம் என்று அறிவிக்கப்பட்டவை. கண் தெரியாத அவை ஒலியை எழுப்பி, அது திரும்பி வருவதை வைத்தே வழி தேடுகின்றன. எஞ்சின் இரைச்சல் அவற்றுக்கு நமக்குக் கண்ணில் மண் விழுந்தது போல. பஞ்ச கட்ட யாத்திரைக்குத் துடுப்புப் படகு கேட்டால் நேரம் கூடுதலாகும். மல்லாவுக்கு ஒரு வேளைக் கூலியும் கூடுதலாகும்.

ராமேச்வரத்து மணலை எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரை ராமநாதருக்குக் கொண்டுவருவது நம் யாத்திரையின் முறை. ஒரு பிடி மணலுக்கு அவ்வளவு மரியாதை செய்யும் நாம், அடுத்த முறை ஹனுமான் கட்டத்துப் படியில் உட்காரும்போது எதிரே கிடக்கும் மணலையும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். புரட்டாசி கடைசியிலும் ஐப்பசியிலும் போகிறவர்களுக்கு ஒரு தகவல். அப்போதுதான் வெள்ளம் வடிந்து, படிகளில் ஆளுயரத்துக்கு வண்டல் படிந்திருக்கும். குழாயால் நீரைப் பாய்ச்சி அந்தச் சேற்றை மறுபடி ஆற்றிலேயே தள்ளும் வேலை வாரக்கணக்கில் நடக்கும். கீழ்ப்படிகளுக்குப் போக முடியாது, வழுக்கும். அக்கரையில் அதே நாட்களில் மணல் ஈரத்தோடு புதிதாக வெளிப்பட்டு, காலடித் தடம் ஏதுமின்றிக் கிடக்கும்.